ஓபேக்கில் புத்தகமும் கட்டுரையும் தேடுவது எப்படி? முதல் முறை தேடுபவர்களுக்கான செய்முறை

பல்கலைக்கழக நூலகத்தின் ஓபேக்கை, அதாவது கணினியில் தேடும் நூற்பட்டியலைத் திறந்து, ஆய்வுத் தலைப்பை முழு வாக்கியமாக அடித்து, ‘முடிவுகள் இல்லை’ என்று வந்ததும் ‘நம்ம லைப்ரரில இதப்பத்தி ஒண்ணுமே இல்ல’ என்று மூடிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. பெரும்பாலும் புத்தகம் உள்ளே ரேக்கில்தான் இருக்கும். தேடிய சொல் சரியில்லை, அவ்வளவுதான்.

கூகுள் பக்கத்துக்குள் இருக்கும் வாசகம் முழுவதையும் துழாவும். தப்பாக அடித்தாலும் திருத்திக்கொள்ளும். ஓபேக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒரு புத்தகத்தைப் பற்றி நூலகர் பதிந்து வைத்த சிறு குறிப்பை மட்டுமே அது பார்க்கும்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பொருள் தலைப்பு (புத்தகம் எதைப் பற்றியது என்று நூலகர் தரும் சொல்), வகைப்பாட்டு எண். அந்தக் குறிப்பில் இல்லாத சொல்லை அடித்தால், புத்தகத்தின் ஐம்பது பக்கங்களில் அந்தச் சொல் இருந்தாலும் வராது.

இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓபேக்கின் பின்னால் ஓடுவது கோஹா என்ற கட்டற்ற மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு சிறு நூலகத்துக்காக எழுதி, 2000இல் வெளியிட்டார்கள். கீழே உள்ள படிகள் கோஹா திரையை வைத்தே சொல்லப்பட்டுள்ளன. வேறு மென்பொருள் என்றால் பொத்தான்களின் இடம் மாறும், முறை மாறாது. எடுத்துக்காட்டுத் தலைப்பு: ‘தமிழகத்தில் ஏரிப் பாசன வரலாறு’.

படி 1: திரைக்கு முன் தாள்

தலைப்பை உடைத்து, ஒவ்வொரு கருத்துக்கும் வேறு என்னென்ன சொல் உண்டு என்று தாளில் எழுதுங்கள். ஏரி, குளம், கண்மாய். பாசனம், நீர்ப்பாசனம், நீர் மேலாண்மை. ஆங்கிலத்தில் டேங்க், இரிகேஷன், வாட்டர் மேனேஜ்மென்ட். (ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழில் எழுதியிருந்தாலும் ஓபேக்கில் ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும்.)

இடப்பெயரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது 1969இல். அதற்கு முந்தைய புத்தகத் தலைப்புகளில் மெட்ராஸ் ஸ்டேட் என்றும், அதற்கும் முன்பு மெட்ராஸ் பிரசிடென்சி என்றும்தான் இருக்கும். செங்கல்பட்டு ‘சிங்கிள்புட்’ ஆகவும் திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ ஆகவும் தஞ்சாவூர் ‘டான்ஜோர்’ ஆகவும் ஒளிந்திருக்கும். வரலாற்றுத் தலைப்பு எடுத்தவர்கள் பழைய பெயரையும் தாளில் சேர்த்தே ஆகவேண்டும்.

படி 2: முதல் தேடல்

இரண்டு சொல் போதும். தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள பட்டியலில் எல்லாப் புலங்களிலும் தேடும் முதல் தேர்வை அப்படியே விட்டுவிட்டு, ‘டேங்க் இரிகேஷன்’ என்று அடியுங்கள். நூற்றுக்கணக்கில் வந்தால் ஒரு இடப்பெயரைச் சேருங்கள். ஒன்றுமே வராவிட்டால் சொல்லைக் குறையுங்கள். கூட்டிக் குறைத்து, பத்து முதல் ஐம்பது முடிவுகளுக்குள் கொண்டுவந்தால் உட்கார்ந்து பார்க்க முடியும். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் இருந்தால் நடுவில் ‘ஆர்’ என்ற ஆங்கில இணைப்புச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடலாம். இரு சொற்களும் அடுத்தடுத்தே வரவேண்டும் என்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் அடியுங்கள்.

இனி முக்கியமான காரியம். பொருத்தமான ஒரே ஒரு புத்தகம் கிடைத்ததும் அதன் பதிவைத் திறந்து, பொருள் தலைப்பு வரிசையைப் பாருங்கள். ‘இரிகேஷன், இந்தியா, தமிழ்நாடு’ என்பதுபோல் நீல நிற இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கினால், தலைப்பில் டேங்க் என்ற சொல்லே இல்லாத புத்தகங்களும் வரும். உங்கள் சொல்லால் தேடுவதை விட்டு நூலகர் பயன்படுத்திய சொல்லால் தேடுவது இதுதான். புதியவர்கள் இந்த ஒரு சொடுக்கை மட்டும் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 3: தமிழ்ப் புத்தகங்கள் எங்கே ஒளிகின்றன?

முதலில் ஒரு சோதனை. ‘தமிழ்’ என்று தமிழ் எழுத்தில் அடித்துத் தேடுங்கள். சுழியம் வந்தால் அந்த ஓபேக்கில் தமிழ் எழுத்துப் பதிவுகள் இல்லை, அல்லது தமிழ்த் தேடலை ஒழுங்காக அமைக்கவில்லை. ஆங்கில எழுத்துக்குப் போய்விடுங்கள்.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுத இரண்டு வழி உண்டு. ஒன்று நாம் அன்றாடம் எழுதுவது; மற்றொன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பின்பற்றும் ஒலிபெயர்ப்பு. அந்த முறையில் ‘ச’ எப்போதும் ஆங்கில ‘சி’தான், ‘எஸ்’ அல்ல. ‘த’ வெறும் ‘டி’தான், பக்கத்தில் ‘எச்’ வராது. ‘ழ’வுக்கு ‘இசட் எச்’ கிடையாது, அடியில் கோடிட்ட ‘எல்’. ஆக சிலப்பதிகாரம் ஒரு பதிவில் ‘எஸ்’ஸிலும் இன்னொரு பதிவில் ‘சி’யிலும் தொடங்கும். உ.வே. சாமிநாதையரை ‘எஸ்’ போட்டுத் தேடினால் ஒரு பாதி, ‘சி’ போட்டுத் தேடினால் மறு பாதி. இரண்டையும் தேடுங்கள். கோடுகளையும் புள்ளிகளையும் அடிக்கத் தேவையில்லை. பெரும்பாலான ஓபேக்குகள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை.

தமிழ் எழுத்தில் தேடும்போது வரும் சிக்கல் வேறு வகை. ‘ஏரிப்பாசனம்’, ‘ஏரிப் பாசனம்’, ‘ஏரி பாசனம்’ மூன்றும் நமக்கு ஒன்று, கணினிக்கு மூன்று. பதிந்தவர் ஒற்றுப் போட்டாரா, இடைவெளி விட்டாரா என்பது நமக்குத் தெரியாது. இதற்கு உடுக்குறி உதவும்: ‘பாசன*’ என்று அடித்தால் பாசனம், பாசனத்தின், பாசனமும் எல்லாம் வரும். ‘குளம்’ என்று முழுதாக அடித்தால் ‘குளத்து’ வராது. வேற்றுமை ஏறும்போது ‘ம்’ போய்விடுகிறதே! அதனால் ‘குள*’ என்று வெட்டுங்கள். ஆனால் கூடவே குளிரும் குளியலும் வந்து சேரும். கணினியில் ‘ளி’ என்பது ‘ள’வுக்குப் பின்னால் ஒரு இகரக் குறி என்றே பதிவாகிறது, அதனால் ‘குளி’யும் ‘குள’வில் தொடங்குவதாகத்தான் அதற்குத் தோன்றும். பாசனத்தோடு சேர்த்துத் தேடினால் குளிர் விலகிவிடும். உடுக்குறியைச் சொல்லின் முடிவில் போடுங்கள். தொடக்கத்தில் போட்டால் பல இடங்களில் வேலை செய்யாது.

எழுத்து சரியாகத்தான் தெரிகிறது, ஆனாலும் வரவில்லை என்றால் துணைக்காலைச் சந்தேகப்படுங்கள். ‘பாசனம்’ என்பதைக் காலுக்குப் பதில் ‘ர’ போட்டுத் தட்டியிருக்கலாம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ‘கொ’வை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், உள்ளே குறியீடு வேறு. வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டிய தலைப்பில் இந்தக் கோளாறு அதிகம். கையால் திரும்ப அடித்துப் பாருங்கள்.

படி 4: பதிவைப் படிப்பது

பதிவின் கீழ்ப்பகுதியில் பிரதிகளின் அட்டவணை இருக்கும். நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த நூலகம் (மைய நூலகமா, துறை நூலகமா), எந்தப் பகுதி, கால் நம்பர் (ரேக்கில் புத்தகத்தின் இடத்தைக் காட்டும் எண்), நிலை. ‘அவைலபிள்’ என்றால் ரேக்கில் இருக்க வேண்டும். ‘செக்டு அவுட்’ என்றால் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள், திரும்பும் தேதி பக்கத்தில் இருக்கும். உறுப்பினர் எண்ணில் நுழைந்து ‘ஹோல்ட்’ (முன்பதிவு) கொடுத்துவைக்கலாம். ‘நாட் ஃபார் லோன்’ என்றால் அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான். அக்சஷன் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே புத்தகத்தின் ஐந்து பிரதிக்கும் கால் நம்பர் ஒன்றாக இருக்கும், அக்சஷன் நம்பர் ஒவ்வொன்றுக்கும் தனி.

கால் நம்பருக்குப் பக்கத்தில் ரேக்கை உலாவும் இணைப்பு ஒன்று இருக்கும். சொடுக்கினால் ரேக்கில் அந்தப் புத்தகத்துக்கு இடமும் வலமும் நிற்பவை அட்டைப் படத்தோடு திரையில் வரும். இதை யாரும் தொடுவதே இல்லை. நல்ல வசதி.

படி 5: ரேக்குக்குப் போவது

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம முறையில் எண்ணைப் புள்ளிக்குப் பிறகு ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க வேண்டும். 333.913 முதலில் வரும், 333.92 அடுத்து. தொள்ளாயிரத்துப் பதின்மூன்று பெரிது, தொண்ணூற்றிரண்டு சிறிது என்று கணக்குப் போட்டு எதிர்த்திசையில் நடப்பவர்கள் ஏராளம்.

இன்னொன்று: ஒரு பொருள் ஒரே ரேக்கில் இருக்காது. நம் ஏரிப் பாசனத்தையே பாருங்கள். நீர் வளப் பொருளாதாரமாக எழுதிய புத்தகம் 333.913இல். பயிர்த்தொழிலாக எழுதியது 631.587இல். கரை, மதகு, கலிங்கு என்று பொறியியலாக எழுதியது 627.52இல். தமிழ்நாட்டு வரலாறாக எழுதியது 954.82இல். பெரிய நூலகத்தில் இந்த நான்கும் நான்கு மூலையில், சில சமயம் வெவ்வேறு மாடியில் இருக்கும். ஒரு ரேக்கை மட்டும் பார்த்துவிட்டு வருபவருக்குக் கால் பங்குதான் கிடைக்கும். தமிழ் இலக்கியம் தேடுபவர்களுக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை: 894.811, அதில் கவிதை 894.8111, நாடகம் 894.8112, புனைகதை 894.8113. மொழியியலும் இலக்கணமும் மட்டும் தள்ளி, 494.811இல்.

எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்தில் தொடங்கி நடுவில் காற்புள்ளியும் முக்காற்புள்ளியுமாக இருந்தால் அது கோலன் பகுப்பு. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் உருவாக்கி 1933இல் வெளியிட்ட முறை. அதில் ரேக் ஒழுங்கு வேறு; பகுதிப் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுவது சுலபம்.

‘அவைலபிள்’ என்று காட்டியும் புத்தகம் இல்லையா? இடமும் வலமும் பத்துப் பத்துப் புத்தகம் பாருங்கள். மேல் தட்டும் கீழ்த் தட்டும் பாருங்கள். பிறகு வாசிப்பு மேசை, அடுக்கக் காத்திருக்கும் தள்ளுவண்டி, ஜெராக்ஸ் எடுக்கும் இடம். அதன் பிறகுதான் கவுன்டர். அங்கே தலைப்பைச் சொல்லாதீர்கள், அக்சஷன் நம்பரைச் சொல்லுங்கள்.

படி 6: கட்டுரைகள் ஓபேக்கில் இல்லை

ஜர்னல் கட்டுரையின் தலைப்பை ஓபேக்கில் அடித்தால் வராது. ஓபேக்குக்கு ஜர்னலின் பெயர் தெரியும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை நூலகத்தில் இருக்கிறது என்பது தெரியும், உள்ளே உள்ள கட்டுரைகள் தெரியாது. உங்களிடம் மேற்கோள் குறிப்பு இருந்தால் அதில் ஜர்னல் பெயர் எது என்று பிரித்தறியுங்கள்: ஆசிரியர், கட்டுரைத் தலைப்பு, ஜர்னல், தொகுதி, இதழ் எண், ஆண்டு, பக்கம் என்ற வரிசையில் பெரும்பாலும் மூன்றாவது. அந்தப் பெயரை ஓபேக்கில் தேடி, உங்களுக்கு வேண்டிய ஆண்டு இருப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பைண்டு செய்த தொகுதிகள் இருக்கும் பகுதிக்குப் போகலாம்.

மேற்கோள் எதுவும் இல்லாமல் பொருளை வைத்துத் தேடுவதென்றால் நூலகத் தளத்தில் மின் வளங்கள் பக்கத்துக்குப் போய் ஒரு தரவுத்தளத்தைத் திறக்க வேண்டும். சமூக அறிவியலுக்கு ஜேஸ்டோர் நல்ல தொடக்கம். ஆனால் பல ஜர்னல்களின் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டு இதழ்கள் அதில் இருக்காது. பதிப்பாளர்கள் வைத்திருக்கும் இடைவெளி அது. ‘புதிதாக யாரும் எழுதவில்லை’ என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். புதிய கட்டுரைக்குப் பதிப்பாளரின் தளத்துக்கே போங்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 ஜர்னல்கள் திறந்திருக்கின்றன.

இந்திய ஆய்வேடுகளுக்கு, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையமான இன்ஃப்ளிப்நெட்டின் இணையக் களஞ்சியம் சோத்கங்கா. ஆய்வேடு இயல் இயலாகத் தனித்தனி பிடிஎஃப் கோப்புகளாக இருக்கும். முதலில் இறக்க வேண்டியது கடைசியில் உள்ள துணைநூற்பட்டியல். உங்கள் தலைப்பில் வேறொருவர் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்தது அது. தமிழ் ஆய்வேடுகள் பல ஸ்கேன் செய்தவை அல்லது பழைய எழுத்துருவில் உள்ளவை. உள்ளே சொல்லைத் தேடினால் வராது, கண்ணால்தான் புரட்ட வேண்டும்.

படி 7: வீட்டிலிருந்து, வெளியிலிருந்து

வளாகத்தில் திறந்த கட்டுரை வீட்டில் பணம் கேட்கும். கட்டாதீர்கள். பல்கலைக்கழக இணைய முகவரியை வைத்துத்தான் பதிப்பாளர் தளம் உங்களை அடையாளம் காண்கிறது. வீட்டு இணைப்பில் அந்த அடையாளம் இல்லை. நூலகத்தில் இன்ஃபெட் கணக்கு (வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைவதற்கான கணக்கு) கேட்டு வாங்கி, பதிப்பாளர் தளத்தில் ‘நிறுவனம் வழியாக நுழைக’ என்ற பொருளுள்ள இணைப்பைச் சொடுக்கி, உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்து நுழையுங்கள். கூகுள் ஸ்காலரில் தேடும்போது முடிவின் பக்கத்தில் வலப்புறம் பிடிஎஃப் என்று இருந்தால் பெரும்பாலும் பொதுவில் திறந்து வைத்த பிரதி. அதற்கு எந்தக் கணக்கும் வேண்டாம்.

எங்கும் கிடைக்காவிட்டால் நூலகங்களுக்கிடையே இரவல் உண்டு. உங்கள் நூலகம் டெல்நெட் என்ற நூலக வலையமைப்பில் உறுப்பினராக இருந்தால் வேறு ஊர் நூலகத்திலிருந்து புத்தகமோ கட்டுரைப் பிரதியோ வரவழைத்துத் தருவார்கள். படிவத்தில் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, தொகுதி, இதழ் எண், பக்கம் ஆறையும் நிரப்புங்கள். கட்டுரைக்கு 10 என்று தொடங்கும் டிஓஐ எண் (அந்தக் கட்டுரைக்கே உரிய அடையாள எண்) இருந்தால் அதையும், புத்தகம் என்றால் ஐஎஸ்பிஎன் எண்ணையும் எழுதுங்கள். பக்க எண் இல்லாத விண்ணப்பம்தான் பெரும்பாலும் திரும்பி வருகிறது.