தோல் ஊரில் இருந்துகொண்டே ஏமாறுவது எப்படி?

வேலூரில் இருக்கிறோம், தோலுக்கா பஞ்சம் என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். ஒரு பக்கம் மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இன்னொரு பக்கம் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் ராணிப்பேட்டை தனியாகப் போனது, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு சேர்ந்தன. ஆனாலும் பழைய வட ஆற்காட்டுக்காரனுக்கு எல்லாம் ஒரே ஊர்தான். பஸ்ஸில் கண் அசந்திருந்தாலும் ஊர் நெருங்குவதை மூக்கு சொல்லிவிடும்.

கையால் ஒரு பர்ஸ் தைத்துப் பார்க்கலாம் என்று ஆசை வந்ததும் ஆம்பூர் போய், கட்பீஸ் விற்கும் ஒரு கடையில் நாலு கிலோ அள்ளிக்கொண்டு வந்தேன். கிலோ கணக்கில் தோல், கத்திரிக்காய் வாங்குவது போல! மலிவு என்றால் அப்படி ஒரு மலிவு. வீட்டில் பாயை விரித்துக் கொட்டினேன். எல்லாம் ஷூவின் மேல்பாகம் வெட்டியது போக மிஞ்சிய ஓரங்கள். உள்ளங்கை அகலம், அதுவும் வளைந்து வளைந்து. ஒரு சின்ன கார்டு ஹோல்டருக்கு 10 செ.மீ.க்கு 7.5 செ.மீ. அளவில் நாலு துண்டு வேண்டும். அந்த அளவுக்கு நேராக வெட்டக்கூடியது நாலு கிலோவில் பதினோரு துண்டுதான் தேறியது. அதிலும் ஒன்று கறுப்பு, ஒன்று காப்பிக்கொட்டை நிறம், ஒன்று காகிதம் போல மெலிசு. மீதி இன்னும் பரணில் கிடக்கிறது.

இங்கே தோலின் விலை பெரிய பிரச்சினையே இல்லை. என்ன செய்யப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் வாங்குவதுதான் பையைக் காலி செய்யும். அந்தக் கார்டு ஹோல்டரின் நாலு துண்டையும் சேர்த்தால் 300 சதுர செ.மீ. ஒரு சதுர அடி என்பது கிட்டத்தட்ட 929 சதுர செ.மீ. சேதாரம் போனாலும் அரை சதுர அடி நல்ல தோல் போதும். நான் நாலு கிலோ வாங்கினேன்.

எந்தத் தோல் என்று கேட்காமல் வாங்குவது

அடுத்த தவறு இதைவிட நுட்பமானது. கட்பீஸில் கொஞ்சம் தடிமனான ஒரு துண்டை எடுத்து, தண்ணீர் தொட்டு, எழுத்து அச்சு வைத்து என் மகள் பெயரைப் பதிக்கப் பார்த்தேன். அடித்தபோது எழுத்து விழுந்தது. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் தோல் பழையபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. எழுத்தைக் காணோம்.

காரணம் பதனிடும் முறை. நம் பக்கம் ஷூவுக்கும் பைக்கும் போகும் தோலில் பெரும்பகுதி குரோம் உப்பில் பதனிட்டது. குரோம் ஏறியதும் தோல் வெளிர் நீலமாகிவிடும், அதைத்தான் ‘வெட் புளூ’ என்பார்கள். மென்மையாக இருக்கும், மடங்கும், தண்ணீரையும் ஓரளவு தாங்கும். பைக்கும் பவுச்சுக்கும் அருமை. ஆனால் அதில் அச்சு நிற்காது, ஓரத்தைத் தேய்த்தால் பளபளப்பு வராது. அச்சு பதிக்கவும் ஓரம் தேய்க்கவும் வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், அதாவது ‘வெஜ் டேன்’. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிட்டார்கள். பின்னால் வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்தது. ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்று புவிசார் குறியீடு வாங்கியிருப்பது இந்தப் பட்டைத் தோல்தான். குரோம் வேலை சில நாளில் முடிந்துவிடும், பட்டை வாரக்கணக்கில் ஊற வேண்டும். விலை ஏன் கூடுகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

கடையில் பிரித்துப் பார்க்க பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் பெரும்பாலும் குரோம். மேலே பெயின்ட் பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பட்டைத் தோல் சட்டென்று உறிஞ்சிக் கறுக்கும். தீக்குச்சி வைத்துக் கொளுத்திப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். குரோம் தோலை எரித்து அந்தப் புகையை இழுப்பதற்கு ஒரு பர்ஸ் கெட்டுப்போகட்டும் என்று விட்டுவிடலாம்.

‘ஜென்யூன் லெதர்’ என்ற முத்திரையும் அப்படித்தான். தோலை இரண்டாகப் பிளந்து அடிப்பாகத்தின் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றினாலும் அது தோல்தானே, பொய் இல்லை. ஆனால் நாலு மாதத்தில் மடிப்பில் உரியும். ஓரத்தை நகத்தால் நெம்புங்கள். மேல்பூச்சு பால் ஏடு மாதிரி தனியாக வந்தால் அது ‘ஸ்ப்ளிட்’.

இரண்டாவது முறை வேறு ஒரு கடைக்குப் போனேன். “தோல் வேணும் பாய்” என்றேன். கல்லாவில் இருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“தோல் வேணும்னா எப்புடி தம்பி? பெல்ட்டா, பர்ஸா, பையா? என்னா பண்ணப் போற?”

“முதல்ல பர்ஸ், அப்புறம் பெல்ட்.”

அவர் ஒரு தோலை இழுத்து, மேல்புறம் உள்ளே வருகிற மாதிரி இரண்டு விரலுக்கு நடுவே மடித்துக் காட்டினார். முதுகுப் பக்கம் மெல்லிய மயிர்க்கோடு போலச் சுருக்கம் விழுந்தது. கையை ஒரு முழம் தள்ளி மறுபடி மடித்தார். இப்போது தோல் பொதபொதவென்று பெரிய பெரிய சுருக்கமாக எழும்பியது. “இது வயிறு. இதுல பெல்ட்டு வெட்டினா ஆறு மாசத்துல ரெண்டு ஓட்டை தள்ளிப் போடுவ” என்றார். அந்த அரை நிமிடத்தில் கற்றது நான் பார்த்த எந்த வீடியோவிலும் இல்லை. வயிற்றுத் தோல் இழுபடும், கழுத்தில் வரி இருக்கும், முதுகுதான் உறுதி. விலை குறைவாகச் சொன்னால் எந்தப் பாகம் என்று கேளுங்கள். பர்ஸின் உள்பக்கத்துக்கு வயிறே போதும், அதையும் வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

அளவு விஷயத்தில் இரண்டு இடத்தில் கோட்டை விடுவோம். தோலின் பின்பக்கம் 17² என்று எழுதியிருந்தால் அது பதினேழின் வர்க்கம் அல்ல. மேலே உள்ள சின்ன எண் கால் பங்கைக் குறிக்கும். 17² என்றால் பதினேழரை சதுர அடி, 17³ என்றால் பதினேழே முக்கால். கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளையான நானே திருதிருவென்று விழித்தேன். இன்னொன்று, சதுர அடி பார்த்து வாங்கிவிட்டு நீளத்தை மறப்பது. ஐந்து சதுர அடி ஆட்டுத் தோல் பெரிதாகத்தான் தெரியும். பெல்ட்டுக்கோ ஒட்டு இல்லாமல் நாலடி போல நீளம் வேண்டும், 3 மி.மீ.க்கு மேல் தடிமன் வேண்டும். ஆட்டுத் தோலில் இரண்டுமே கிடைக்காது. பர்ஸுக்கு 1 முதல் 1.2 மி.மீ., உள்லைனிங்குக்கு 0.6 முதல் 0.8 மி.மீ. என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். தடிமன் கூடிவிட்டால் ஷூ அப்பர் தைக்கும் சின்ன யூனிட்களில் ஓரம் சீவும் ‘ஸ்கைவிங்’ மெஷின் இருக்கும். வேலை குறைவான நேரத்தில் போய்க் கேட்டால் சில இடங்களில் செய்து கொடுப்பார்கள். கையால் சீவப் பழகி நான் கெடுத்த தோலுக்கு அந்தக் கூலி கால்வாசிகூட வராது.

நாற்பது ஐட்டம் கிட்

ஆன்லைனில் நாற்பது, ஐம்பது ஐட்டம் என்று ஒரு டப்பா வரும். படத்தைப் பார்த்தால் வாயில் நீர் ஊறும். வாங்காதீர்கள். அதில் பாதி பூ, இலை செதுக்கும் அச்சுகள். குரோம் தோலில் அவற்றுக்கு வேலையே இல்லை. மீதிப் பாதி மழுங்கிய இரும்பு.

முதல் பர்ஸுக்கு வேண்டியவை கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். பிளேடு ஒடித்துக்கொள்ளும் கட்டர், ஸ்டீல் ஸ்கேல், 4 மி.மீ. இடைவெளியில் துளையிடும் பல் உளி (இரண்டு பல்லில் ஒன்று, நாலு பல்லில் ஒன்று), மெழுகு நூல், இரண்டு ஊசி, மரச்சுத்தி, பசை, உப்புக் காகிதம், ஒரு கட்டி தேன்மெழுகு. இதில் காசு போட வேண்டிய இடம் பல் உளி ஒன்றுதான். மலிவு உளியின் பல்லில் பிசிறு இருக்கும், தோலில் இறங்கியதும் பிடித்துக்கொண்டு வராது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் துளை கிழியும். மலிவையே வாங்கிவிட்டீர்களா? சரி, 1000, பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் ஒவ்வொரு பல்லையும் பொறுமையாகத் தேய்த்து, தேன்மெழுகில் ஒரு குத்து குத்தி எடுத்துப் பயன்படுத்துங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

அந்த உளியை இரும்புச் சுத்தியால் அடிக்காதீர்கள், தலை காளான் மாதிரி விரிந்துவிடும். தச்சர் வைத்திருக்கும் கொட்டாப்புளி போதும், மரப்பட்டறையில் சொல்லி வைத்தால் ஒன்று கடைந்து கொடுப்பார்கள். அடியில் வைக்க சமையலறை மேடை போட்ட பிறகு மிஞ்சிய கிரானைட் துண்டு. கல் அறுக்கும் இடத்தில் கேட்டால் சும்மாவே தருவார்கள். அதன் மேல் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகை, உளி நேராகக் கல்லில் இறங்கக் கூடாது. கல்லுக்குக் கீழே நாலாக மடித்த போர்வை. நீங்கள் மாடி வீட்டில் இருந்தால் இந்தப் போர்வைதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கருவி. கீழ் வீட்டு அக்கா இரவு ஒன்பதரைக்கு மேலே வந்து “என்னப்பா, ஊடு கட்றியா?” என்று கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

கத்தியைப் பொறுத்தவரை புதிது வாங்குவதைவிடத் தீட்டக் கற்றுக்கொள்வது மலிவு. பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் ஓர் அண்ணன் கத்தியைக் கல்லில் நாலு இழுப்பு, பிறகு பழைய தோல் வாரில் பின்பக்கமாகப் பத்து இழுப்பு இழுத்து, முழங்கை முடியில் வைத்துக் காட்டினார். முடி விழுந்தது. என் கட்பீஸில் ஒரு நீளத் துண்டை மரச்சட்டத்தில் ஒட்டி, பச்சை பாலிஷ் கட்டி தேய்த்து வைத்திருக்கிறேன். நாலு கிலோவில் உருப்படியான முதல் பொருள் அதுதான்.

ஊசி என்றால் கூரான ஊசி என்று நினைப்போம். துளை ஏற்கெனவே போட்டாயிற்று, ஊசி வழி காட்டினால் போதும். கூரான ஊசி முன்னால் போன நூலையே குத்திக் கிழிக்கும். எம்பிராய்டரி சாமான் விற்கும் ஃபேன்ஸி ஸ்டோரில் முனை மழுங்கிய கம்பளி ஊசி கிடைக்கும். இல்லையென்றால் சாதாரண ஊசியின் முனையைக் கல்லில் தேய்த்துவிடுங்கள். நூல் தையலின் நீளத்தைப் போல நாலு மடங்கு, பிடிக்க ஒரு சாண் கூடுதல். கஞ்சத்தனம் பார்த்தால் கடைசி மூன்று துளையில் நூல் தீரும்.

பக்கிள், டிச் பட்டன் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பது வழக்கம். ஒட்டாவிட்டால் பித்தளை என்று முடிவு கட்டிவிடுவோம். துத்தநாகக் கலவையில் வார்த்ததும் காந்தத்தில் ஒட்டாது. பின்பக்கம் தெரியாத இடத்தில் ஒரு கீறு கீறுங்கள், உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை.

பசை, இரும்பு, மழை

ரப்பர் சொல்யூஷன் லிட்டர் டின் மலிவுதான். ஆனால் மே மாத வேலூர் வெயிலில் திறந்து மூடித் திறந்து மூடி அது பாகாகிவிடும். சின்ன டியூப் வாங்குங்கள். இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவு உலர்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது.

பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு பட்டால் கறுப்புக் கறை விழும். கடுக்காயும் இரும்பும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள், அதே சங்கதி. தோல் காயும்வரை இரும்பு ஸ்கேல், ஆணி, குண்டூசி எதுவும் அதன் மேல் கிடக்கக் கூடாது. லேசான கறைக்கு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்துப் பார்க்கலாம். மழைக்காலத்தில் பாலித்தீன் கவரில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டியில் சுருட்டி வையுங்கள், மடிக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் போய் இறக்கிய ஷட்டரைப் பார்த்துவிட்டு, ஆம்பூர் பிரியாணி மட்டும் சாப்பிட்டுத் திரும்பியதும் உண்டு. அதைத் தவறு என்று சொல்ல மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் தோல் வாங்கப் போகும்போது பையில் மூன்று பொருள் வைத்துக்கொள்கிறேன்: செய்யப் போகும் பொருளின் எல்லாப் பாகங்களையும் வெட்டிய அட்டை, ஸ்கேல், ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர். போன மாதம் மூக்குக் கண்ணாடி பாய் என் அட்டைகளை வாங்கித் தோலின் மேல் பரப்பினார். ஒரு கொசுக்கடித் தழும்பைத் தவிர்க்க ஓர் அட்டையைத் திருப்பி வைத்தார். இன்னொன்றை நகர்த்தினார். நான் காட்டிய முழுத் தோலை ஓரமாகத் தள்ளிவிட்டு, உள்ளே போய் இரண்டரை சதுர அடியில் ஒரு துண்டு எடுத்து வந்தார். “இது போதும் தம்பி. பெரிசு எதுக்கு?”