செயின்ட் லூசியா: தெற்கை முதலில் முடித்துவிடுங்கள்

கரீபியன் தீவு நாடான செயின்ட் லூசியா போகிறவர்களில் நிறைய பேர் வடக்கே ராட்னி பே பக்கம் ஓட்டல் எடுத்துவிட்டு, பிட்டன் என்ற இரட்டை மலைகளைப் பார்க்க ஒரு நாள் டூர் வண்டியில் ஏறுகிறார்கள். வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையிலேயே பாதி நாள் கழிந்துவிடும். பெரிய விமானங்கள் இறங்கும் ஹெவனோரா விமான நிலையம் இருப்பதோ தென்கோடியில், முக்கியமான இடங்களும் தென்மேற்கில் சூஃப்ரியேர் ஊரைச் சுற்றித்தான். அதனால் இறங்கியதும் நேராக அங்கே போய் இரண்டு மூன்று இரவு தங்குங்கள். வடக்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிட்டன் இரண்டில் பெரியதான குரோ பிட்டன் 798 மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள், மேல்பாதி பாறையும் வேருமாகச் செங்குத்தாக ஏறும், போய்வர நாலைந்து மணி நேரம் ஆகும். உள்ளூர் வழிகாட்டியோடு, வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். முட்டி ஒத்துழைக்காது என்றால் டெட் பால் நடைபாதை போதும். போட்டோவுக்கு என்னைக் கேட்டால் அதுதான் மேல், மலை உச்சியில் நிற்கிறவருக்கு அந்த மலை தெரியாதே!

சல்ஃபர் ஸ்பிரிங்ஸில் எரிமலைக் குழிகளுக்குப் பக்கம் வரை வண்டி போகும். சாம்பல் நிறத்தில் கொதிப்பதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, கீழே வெந்நீர்க் குளத்துக்கு வாருங்கள். முதலில் நனைந்து, சேற்றை அள்ளிப் பூசி, தோல் இழுத்துப் பிடிக்கும் வரை காயவிட்டு, அப்புறம் மறுபடியும் குளம். வெள்ளி நகையைக் கழற்றி வையுங்கள், கந்தகத்தில் கறுத்துவிடும். வெளிர் நிற நீச்சலுடையும் வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும்.

ஸ்நார்கெல் (மூச்சுக்குழாய்) போட்டு நீந்த ஆன்ஸ் சாஸ்டனே கடற்கரை, கரையிலிருந்து நீந்திப்போனாலே பவளப்பாறைதான். கடற்கரை எல்லாம் பொதுச்சொத்து, ரிசார்ட் முன்னால் இருந்தாலும் மணலில் துண்டு விரிக்கலாம், நாற்காலிக்குத்தான் காசு.

டாக்சிக்காரர் டாலரில் விலை சொன்னால் எந்த டாலர் என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். 1 அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபியன் டாலர், வித்தியாசம் சின்னதில்லை.

வடக்குக்கு வருவது வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும். மாலையில் பிஜன் தீவுக் கோட்டை ஏறி, இருட்டியதும் பக்கத்திலேயே குரோஸ் ஐலே தெருக் கொண்டாட்டத்துக்குப் போனால் சுட்ட மீனும் பாட்டும் நள்ளிரவு தாண்டி ஓடும். திரும்ப வண்டியை முன்பே பேசி வையுங்கள். கடைசியாக ஒன்று, ராணுவ உடை மாதிரித் திட்டுத்திட்டான (கேமஃப்ளாஜ்) டிசைன் உடுப்பு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், குழந்தைகளுடையது உட்பட. அங்கே அது சட்டவிரோதம்.