செய்தித்தாளோடு வகுப்புக்குள் போகும் முன்: பேரியல் பொருளாதாரம் நடத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு பண்ணை பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பணவீக்கம் நடத்த இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்து, அன்றைய நாளிதழைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் வரிசையாக அம்புக்குறி போட்டேன். விலை ஏறுகிறது, ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றும், விலை இறங்கும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "தக்காளிய யாரு சார் கடன் வாங்கி வாங்குறாங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அவள் கேட்டதில்தான் பாடம் இருந்தது. அந்த ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, தொடவே இல்லை, 6.5 சதவீதத்திலேயே விட்டுவைத்தது. அதே வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை அதை 4-லிருந்து 6.5 வரை படிப்படியாக ஏற்றியிருந்தது. அப்போது ஏற்றியவர்கள் இப்போது ஏன் சும்மா இருந்தார்கள்? வட்டி ஏறினால் வீட்டுக்கடன், பைக் கடன் வாங்குபவர்கள் தயங்குவார்கள், கம்பெனிகள் புது இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப்போடும், செலவு குறையும், விலை மீதான அழுத்தம் தணியும். இதற்கெல்லாம் பல மாதம் ஆகும். தக்காளி ஏறியதற்குக் காரணம் மழையும் வரத்துக் குறைவும். அடுத்த அறுவடை சந்தைக்கு வர அவ்வளவு நாள் ஆகாது. ஜூலையில் 7.44 சதவீதமாக இருந்த சில்லறைப் பணவீக்கம் செப்டம்பரில் 5.02-க்கு வந்துவிட்டது, வட்டியை ஏற்றாமலேயே.

அன்று நான் செய்தது, ஒரு பொருளின் விலையைப் பொது விலைவாசியாகக் காட்டியது. செய்தியை வைத்துப் பாடம் நடத்தும் நம்மில் பெரும்பாலோர் முதலில் சறுக்குவது இங்கேதான். தக்காளியை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எடுத்தால் கணக்கோடு எடுக்க வேண்டும். பணவீக்கத்தை அளக்க, குடும்பங்கள் வழக்கமாக வாங்கும் பொருட்களின் விலையைச் சேர்த்துப் போடும் கணக்குதான் விலைக் குறியீடு. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட அப்போதைய குறியீட்டில் தக்காளியின் பங்கு 0.57 சதவீதம்தான். அதாவது நூறு ரூபாய்ச் செலவில் 57 பைசா. விலை மூன்று மடங்கானால் அந்த 57 பைசா 1 ரூபாய் 71 பைசா ஆகும், மொத்தச் செலவு தோராயமாக ஒரு ரூபாய் கூடும். இந்தக் கணக்கை மாணவர்களே பலகையில் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகப் புரியும். ஒரு பொருள் மட்டுமே பணவீக்கம் ஆகிவிடாது. ஆனால் 57 பைசாப் பொருள்கூட, ஒரே தாவாகத் தாவினால், குறியீட்டையே அசைத்துவிடும். உணவுப் பண்டங்கள் எல்லாம் சேர்த்து அந்தக் குறியீட்டில் கிட்டத்தட்ட 46 சதவீதம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம்.

குறைந்தது விலை அல்ல, வேகம்

"பணவீக்கம் குறைந்தது" என்று தலைப்பு வந்தால் மாணவன் "விலை குறைந்தது" என்று படிக்கிறான். அவனைச் சொல்லி என்ன, தலைப்பு போட்டவரே சில நாள் அப்படித்தான் எழுதியிருப்பார். இதை வரையறை சொல்லித் திருத்த முயன்று நான் பல வருடம் தோற்றிருக்கிறேன். இலங்கைக் கணக்கு வந்த பிறகுதான் வேலை சுலபமானது.

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி அங்கே பணவீக்கம் 69.8 சதவீதம். சரியாக ஒரு வருடம் கழித்து 1.3 சதவீதம். "இலங்கையில் விலைவாசி பழைய நிலைக்குத் திரும்பியது, சரியா தவறா?" என்று கேளுங்கள். பாதிக்கு மேல் கைகள் "சரி"க்குத்தான் உயரும். அப்புறம் 2021-இல் நூறு ரூபாய்க்கு வாங்கிய ஒரு பை சாமானை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2022-இல் அதே பை 170 ரூபாய். 2023-இல் 172. பணவீக்கம் தரைமட்டத்துக்கு வந்துவிட்டது, பை மட்டும் நூறு ரூபாய்க்கு இறங்கவே இல்லை. 2024 செப்டம்பரில் பணவீக்கம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.5-க்குப் போனது. அப்போதும் பை 171 ரூபாய்தான். சம்பளம் அந்த அளவுக்கு ஏறாத குடும்பம் இந்த மூன்று வருடத்தை எப்படிக் கடந்திருக்கும் என்று ஒரு மாணவனாவது கேட்பான். அதுதான் உண்மை வருமானம், அதாவது வாங்கும் சம்பளத்துக்கு எவ்வளவு சாமான் கிடைக்கும் என்ற கருத்துக்கு வாசல். அதற்குத் தனி வகுப்பு வேண்டாம்.

இதோடு ஒட்டிப் பிறந்தது அடித்தள விளைவு, அதாவது போன வருடம் ரொம்பக் கீழே இருந்ததால் இந்த வருட வளர்ச்சி பெரிதாகத் தெரிவது. கொரோனா ஊரடங்கு இருந்த 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் இந்தியாவின் ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு, 23.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு வந்தது. அடுத்த வருடம் அதே காலாண்டில் 20.1 சதவீத வளர்ச்சி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து "இன்னும் 3.8 தான் பாக்கி சார்" என்று சொல்லும் பையன் எல்லா வகுப்பிலும் இருப்பான். அவனையே பலகைக்குக் கூப்பிடுங்கள். நூறில் 23.9 போனால் 76.1. அதில் 20.1 சதவீதம் கூடினால் 91.4. பழைய இடத்துக்கு வர இன்னும் எட்டரைக்கு மேல் வேண்டும். "வரலாறு காணாத வளர்ச்சி" என்ற தலைப்பை அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் "எதோடு ஒப்பிட்டு?" என்று அவனே கேட்பான்.

தலைக்கு இவ்வளவு கடன்

பட்ஜெட் நேரத்தில் தவறாமல் வரும் செய்தி இது. 2025-26 தமிழக பட்ஜெட்டில் நிலுவைக் கடன் சுமார் 9.3 லட்சம் கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. அதை மக்கள்தொகையால் வகுத்து, பிறந்த குழந்தையின் தலையிலும் ஒரு லட்சத்துக்கு மேல் கடன் என்று எழுதிவிடுவார்கள். வகுப்பில் படித்தால் நல்ல பரபரப்பு கிடைக்கும், நானும் படித்திருக்கிறேன். வகுத்தல் சரிதான். ஆனால் அந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் அது சுமார் 26 சதவீதம் என்று சொன்னால்தான் இன்னொரு மாநிலத்தோடோ இன்னொரு வருடத்தோடோ வைத்துப் பார்க்க முடியும்.

இங்கேயே இன்னொரு குழப்பம் நுழைகிறது. பற்றாக்குறையும் கடனும் ஒன்று என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். பற்றாக்குறை ஒரு வருடத்தில் விழும் துண்டு. கடன் என்பது இத்தனை வருடத் துண்டுகள் சேர்ந்து நிற்பது. தொட்டியில் விழும் தண்ணீரும் தொட்டியில் நிற்கும் தண்ணீரும் என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். 2025-26 மத்திய பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி, அதில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி. இந்த இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு நாம் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால் போதும்.

அரசாங்கத்தை வீட்டோடு ஒப்பிடும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். "வரவுக்குள் செலவு செய்யணும், அதுதானே குடும்பத்துக்கு அழகு" என்பது வீட்டுக்குப் பொருந்தும். 2020-இல் கடைகள் மூடி, ஆலைகள் மூடி, மக்களும் செலவைக் குறைத்த நேரத்தில் அரசும் சேர்ந்து குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க விடுங்கள். ஒருவர் செலவுதான் இன்னொருவர் வருமானம். இதைச் சொன்ன பொருளாதார அறிஞர் கெயின்ஸைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே பெட்டிக்கடைக்காரர் மகனுக்கு இது தெரியும். நாம் வீட்டு உவமையைச் சொல்லித் தெரிந்ததையும் மறக்கடிக்கிறோம்.

கடன் பற்றிப் பேசினால் கட்சி வரும். வராமல் இருக்காது. ஆசிரியர் எந்தப் பக்கம் என்பதை மாணவர்கள் முதல் வாரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள், அதன்பிறகு நாம் சொல்லும் எண்ணும் கட்சி எண்ணாகிவிடும். ஆளுங்கட்சிக்கு ஆதரவான பத்திரிகை ஒன்றையும் எதிரான ஒன்றையும் ஒரே நாளில் கொண்டுபோவது என் வழக்கம். இரண்டிலும் பொதுவாக இருக்கும் எண்களை முதலில் குறித்துக்கொள்ளச் சொல்வேன். பெயரடைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வரும் எண்ணைக் கல்வெட்டாக நினைப்பதும் அரசியல் சூட்டில் நடக்கும் தவறுதான். தமிழகத்தின் 2024-25 வளர்ச்சி முதலில் 9.69 சதவீதம் என்று வந்தது, சில மாதம் கழித்து 11.19 ஆனது. யாரோ ஏமாற்றியதால் அல்ல, முழுத் தரவு பின்னால்தான் வந்து சேரும் என்பதால். எண்ணின் பக்கத்தில் தேதியை எழுதும் பழக்கம் வந்துவிட்டால் போதும்.

யாருக்கு வீழ்ச்சி?

2025 டிசம்பரில் ஒரு டாலரின் மதிப்பு 90 ரூபாயைத் தாண்டியது. கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல் இதைச் சொல்லிவிட்டுப் போனால் மாணவர் மனதில் "ரூபாய் தோற்றுவிட்டது" என்பது மட்டும்தான் நிற்கும். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவருக்கு ஒரு டாலருக்குக் கூடுதல் ரூபாய். வெளிநாட்டில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பும் பணமும் இங்கே வந்து கூடும். கச்சா எண்ணெய் இறக்குமதிக்கும் வெளிநாட்டில் படிக்கப் போகிறவளின் கட்டணத்துக்கும் நேர் எதிர். அதோடும் நிற்கவில்லை. அதே 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது 50 சதவீத வரி போட்டிருந்தது. ரூபாய் சரிந்ததில் திருப்பூருக்குக் கிடைத்த லாபம் இந்த வரிக்கு முன்னால் எந்த மூலைக்கு? ஒரு செய்திக்கு ஒரே காரணம், ஒரே விளைவு என்று நடத்தினால் இதைக் காட்ட வழியே இல்லை.

பங்குச்சந்தையைப் பொருளாதாரம் என்று காட்டுவதும் கூடாது. 2020 மார்ச்சில் 26 ஆயிரத்துக்குக் கீழே போன சென்செக்ஸ் அந்த வருடக் கடைசியில் 47 ஆயிரத்தைத் தாண்டி நின்றது. அந்த வருடம் வேலை எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்டுவரச் சொன்னால் மீதி விளங்கிவிடும்.

வீட்டில் கேட்டுவரச் சொல்வதில் ஒரு எச்சரிக்கை. வேலையின்மை பாடத்தில் ஒருமுறை "உங்க வீட்டுல யாருக்கெல்லாம் வேலை இல்லை, கை தூக்குங்க" என்று கேட்டுவிட்டேன். ஒருவரும் தூக்கவில்லை. ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பா வேலை பார்த்த மில் மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் கற்பனைத் தெரு ஒன்றைப் பலகையில் வரைந்துவிடுகிறேன். அப்பாவின் மளிகைக் கடையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கும் மகள், கல்லூரி மாணவன், வேலை தேடும் இன்ஜினியர், வாரத்தில் ஒரு நாள் மட்டும் சித்தாள் வேலைக்குப் போகும் அம்மா. இதில் யார் வேலையில்லாதவர்? மகள் வேலையில் இருப்பவள். கடந்த ஒரு வாரத்தை மட்டும் பார்க்கும் வார நிலைக் கணக்கில், அந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையில் இருப்பவர்தான். கல்லூரி மாணவன் கணக்கிலேயே வரமாட்டான். முழு வருடத்தையும் பார்க்கும் வழக்க நிலைக் கணக்கில் 2023-24-இல் நாட்டின் வேலையின்மை 3.2 சதவீதம் என்ற எண்ணை அதற்கப்புறம் கொடுத்தால், நம்பவும் மாட்டார்கள், பொய் என்று தள்ளவும் மாட்டார்கள். வரையறையைத் தேடிப் போவார்கள்.

தேதி தெரிந்த செய்திகள்

தினமும் ஒரு செய்தி என்று ஆரம்பித்தால் அரையாண்டுத் தேர்வுக்குள் போர்ஷன் முடியாது. வாட்ஸ்அப்பில் காலையில் வந்ததைக் கொண்டுபோய் மாலையில் வருத்தப்பட்டவர்களும் உண்டு. பேரியல் பொருளாதாரத்தில் ஒரு வசதி, முக்கியமான செய்திகள் சொல்லிவைத்த தேதியில் வருகின்றன. சில்லறைப் பணவீக்கம் மாதம் 12-ஆம் தேதி வாக்கில். ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கை பொதுவாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. காலாண்டு ஜிடிபி பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் கடைசியில். மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1. இதில் வருடத்துக்கு ஐந்தாறு போதும். பாடத்தை முன்னால் நடத்திவிட்டுச் செய்திக்குக் காத்திருக்கலாம், செய்தி வந்த பிறகு பாடத்தைத் தேடி ஓட வேண்டியதில்லை.

பொதுத்தேர்வை மறந்துவிடக் கூடாது. புத்தகத்தில் இருக்கும் எண் பழையதாக இருக்கும், விடைக்குறிப்பில் அதுதான் இருக்கும். எதை விடைத்தாளில் எழுதுவது, எதைத் தெரிந்துமட்டும் வைத்துக்கொள்வது என்று அந்தந்த வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு, நன்றாகப் படிக்கும் பிள்ளை புது எண்ணை எழுதி மதிப்பெண் இழந்தால் அடுத்த வருடம் ஒருவரும் செய்தித்தாளைத் தொடமாட்டார்கள்.

2025 அக்டோபர் பணவீக்கம் வரும் முன் ஒவ்வொருவரும் தங்கள் ஊகத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலான சீட்டில் ஐந்துக்கு மேல். வந்ததோ 0.25 சதவீதம். "எங்க வீட்டுல எதுவுமே குறையலையே சார்" என்று ஒரே சத்தம். முந்தைய அக்டோபரிலேயே பணவீக்கம் 6.21 ஆக இருந்ததால் ஒப்பிடும் அடித்தளம் உயரமாக இருந்தது, காய்கறி விலை விழுந்தது, செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி குறைந்தது என்று காரணங்களைப் பலகையில் எழுதினேன். யாரும் சமாதானமாகவில்லை. சரி, உங்கள் வீட்டுக் குறியீட்டை நீங்களே போடுங்கள் என்று விட்டுவிட்டேன். ரூபாயை எழுத வேண்டாம், சதவீதம் மட்டும் போதும், பெயரும் வேண்டாம் என்று சொன்னதால் தயங்காமல் கொண்டுவந்தார்கள். வீட்டு வாடகை, பஸ் கட்டணம், ட்யூஷன், தாத்தாவின் மாத்திரை, மொபைல் ரீசார்ஜ், நகைக்கடன் வட்டி. அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து, வட்டி எல்லாம் விலைக் குறியீட்டில் வருமா சார் என்று கேட்டான். மணி அடித்துவிட்டது. மறுநாள் முதல் பீரியடை அதற்கே வைத்துக்கொண்டோம்.