விரிதாளில் ஜிஎஸ்டி: வரி விகிதத்தை ஒரே கட்டத்தில் பூட்டி வைப்பது எப்படி?

வேலூரில் ஒரு செருப்புக் கடையின் விற்பனைக் கணக்கை எக்செலில் எழுதித் தரத் தொடங்கிய முதல் வாரத்தில் நான் செய்த பிழையிலிருந்தே இதை விளக்குவது எளிது. 2025 செப்டம்பர் 22 முதல், ஜோடி 2,500 ரூபாய் வரை விலையுள்ள காலணிகளுக்கு 5 சதவீதமும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி. எனவே பி1 கட்டத்தில் 5%, பி2-இல் 18%, பி3-இல் 2500 என்று எழுதி, நான்காம் வரிசையைக் காலியாக விட்டு, ஐந்தாம் வரிசையில் ஏ முதல் இ வரையான பத்திகளில் சரக்கு, ஜோடி விலை, எண்ணிக்கை, மதிப்பு, வரி எனத் தலைப்புகளை இட்டேன். (இங்கே தமிழில் உள்ள கட்டப் பெயர்களையும் ஃபார்முலாச் சொற்களையும் விரிதாளில் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சிட வேண்டும்: ஏ என்பது A, பி என்பது B, டி என்பது D, இ என்பது E, ரவுண்ட் என்பது ROUND, இஃப் என்பது IF. 5-ஐச் சதவீதக் குறியோடு எழுதுவதும் முக்கியம். குறி இல்லையென்றால் வரி நூறு மடங்காகிவிடும்.)

ஆறாம் வரிசையில் 300 ரூபாய்ச் செருப்பு 20 ஜோடி, மதிப்பு 6,000. வரிக்கான இ6 கட்டத்தில் =டி6*பி1 என்று எழுதியதும் 300 என்று சரியாகவே வந்தது. கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்துப் பத்தாம் வரிசை வரை இழுத்தேன். ஃபார்முலா ஒரு வரிசை இறங்கும்போது அதிலுள்ள கட்டப் பெயர்களும் ஒவ்வொரு வரிசை இறங்கும் என்பது விரிதாளின் இயல்பு. டி6 டி7 ஆவது நமக்குத் தேவை, பி1 பி2 ஆவதோ தேவையில்லை. எட்டாம் வரிசையில் 8,000 ரூபாய்ச் சரக்கு பி3-இலிருந்த 2500-ஆல் பெருக்கப்பட்டு, வரி இரண்டு கோடி ரூபாய் என்று நின்றது. ஒன்பதாம் வரிசை காலிக் கட்டமான பி4-ஐப் பிடித்துச் சுழியம் காட்டியது. பத்தாம் வரிசை தலைப்புச் சொல்லைப் பெருக்க முயன்று பிழைச் செய்தி காட்டியது.

இவை மூன்றும் கண்ணில் பட்டுவிடும். ஏழாம் வரிசைதான் ஆபத்தானது. 4,500 ரூபாய்ச் சரக்குக்கு 225 வர வேண்டிய இடத்தில், 18 சதவீதக் கணக்கில் 810 என்று நம்பத்தகுந்த ஒரு தொகை உட்கார்ந்திருந்தது. அதை நான் மறுநாள்தான் கவனித்தேன்.

தீர்வு டாலர் குறி. ஃபார்முலாவில் பி1 மீது கர்சரை வைத்து எஃப்4 விசையை ஒருமுறை அழுத்தினால் அது $பி$1 ஆகும் (சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்). எழுத்துக்கு முன்னுள்ள டாலர் பத்தியையும், எண்ணுக்கு முன்னுள்ளது வரிசையையும் பூட்டுகின்றன. கீழ்நோக்கி மட்டும் இழுப்பதென்றால் பி$1 போதும். ஆயினும் பின்னாளில் யாரேனும் பக்கவாட்டில் நகலெடுக்கக்கூடும் என்பதால் இரண்டையும் பூட்டுவதையே நான் விரும்புகிறேன்.

விலையைப் பார்த்து விகிதத்தைத் தானே தேர்ந்தெடுக்க, இ6-இல் இப்படி எழுதலாம் (இஃப் நிபந்தனை பார்த்து விகிதத்தைத் தேர்கிறது, ரவுண்ட் விடையை இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்குகிறது):

=ரவுண்ட்(டி6*இஃப்(பி6<=$பி$3,$பி$1,$பி$2),2)

இங்கே ஒப்பிட வேண்டியது ஒரு ஜோடியின் விலையான பி6-ஐ. மொத்த மதிப்பான டி6-ஐ ஒப்பிட்டால் 300 ரூபாய்ச் செருப்பும் 18 சதவீதத்தில் விழும். தமிழகத்துக்குள் விற்பதற்கு இவ்வரி மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி எனச் சரிபாதியாகப் பிரியும். நம் மாவட்ட எல்லையைத் தாண்டிச் சித்தூர்க் கடைக்குச் சரக்கு அனுப்பினால், அது ஆந்திரம் என்பதால் முழுத் தொகையும் மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்குரிய ஐஜிஎஸ்டி.

வரி உட்பட்ட விலையிலிருந்து வரியைப் பிரிக்க வேண்டுமானால் பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும்: =டி6/(1+$பி$1) என்பது 5 சதவீதச் சரக்கின் அடிப்படை விலையைத் தரும். 1,050 ரூபாயில் வரி 50. நேரடியாக 5 சதவீதம் கண்டால் 52.50 என்று தவறாக வரும்.

விகிதம் மாறும் நாளில் பி1, பி2 ஆகியவற்றை மட்டும் திருத்தினால் போதும் என்பதே இம்முறையின் பயன். ஆனால் அதே தாளில் திருத்தினால், செப்டம்பர் 22-க்கு முன் 12 சதவீதம் வசூலித்த பழைய பில்களும் நொடியில் 5 சதவீதத்துக்கு மாறிவிடும். ஆகவே பழைய தாளைத் தொடாமல், அதன் நகலை எடுத்துப் புதிய தேதியிலிருந்து அதில் எழுதத் தொடங்குங்கள்.