‘எஸ்’ எழுத்துப் பாடல்களை விடாமல் திரட்ட

ஆங்கிலப் பாடல்களை முதலெழுத்து வாரியாகத் தொகுக்கும்போது, பெயர்ப்பட்டியலை அகர வரிசையில் அடுக்கினால் போதும் என்று தோன்றும். போதாது. ‘எஸ்’ எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்டேயின் அலைவ்’ (1977), ‘சூப்பர்ஸ்டிஷன்’ (1972) இரண்டும் சரியாக வந்துவிடும். ஆனால் சைமன் அண்ட் கார்ஃபங்கல் பாடிய ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ பல செயலிகளில் ‘டி’க்குள் (T) போய் ஒளிந்துகொள்ளும். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ (1965) இன்னும் மோசம். அதன் முழுப்பெயர் அடைப்புக்குறியில் தொடங்குவதால் பட்டியலின் உச்சியிலோ ‘ஐ’யிலோ நிற்கும். அரியானா கிராண்டேயின் ‘7 ரிங்ஸ்’ (2019) எண்களோடு சேர்ந்துவிடும்.

தீர்வு எளிது. பாடலின் பெயரைத் தொடாதீர்கள். மாற்றினால் பிறகு தேடும்போது கிடைக்காது. விண்டோஸில், பாட்டுக் கோப்பின் விவரங்களைத் திருத்த உதவும் எம்பி3டேக் மென்பொருளில் கோப்பைத் தேர்ந்து ஆல்ட்+டி (Alt+T) அழுத்தி, ‘டைட்டில்சார்ட்’ (TITLESORT, வரிசைப்படுத்த மட்டும் பயன்படும் பெயர்) என்ற புலத்தைச் சேர்த்து, அதில் ‘சவுண்ட் ஆஃப் சைலன்ஸ், தி’ என்று ஆங்கிலத்தில் இட்டுச் சேமியுங்கள். ‘7 ரிங்ஸ்’ பாட்டுக்கு ‘செவன் ரிங்ஸ்’. ஐடியூன்ஸில் பாடல் விவரப் பெட்டியின் ‘சார்ட்டிங்’ பகுதியிலேயே இதைச் செய்யலாம். பெயரின் தொடக்கத்தில் வரும் ‘தி’ (The), ‘எ’ (A), ‘ஆன்’ (An) மூன்றையும் அது தானாகவே ஒதுக்கிவிடும். சில கைப்பேசிச் செயலிகள் இந்தப் புலத்தைப் படிப்பதில்லை. அவற்றில் தனிப் பிளேலிஸ்ட்தான் வழி.

பாட்டுப் போட்டிக்கென்றால், எழுத்தா ஒலியா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ‘செசிலியா’ (1970) காதுக்கு ‘எஸ்’, எழுத்தில் ‘சி’.