பழைய தமிழ் காமிக்ஸ் சேர்ப்பது எப்படி: பேப்பர் கடையிலிருந்து பீரோ வரை

ஃப்ரீசரைத் திறந்தால் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஜிப் கவருக்குள் நான்கு ராணி காமிக்ஸ் இருக்கிறதா? அப்படியென்றால் அந்த வீட்டில் யாருக்கோ இந்தப் பித்து பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் எனக்கு. அது ஏன் ஃப்ரீசருக்குப் போனது என்று பின்னால் சொல்கிறேன். "நானும் சேர்க்கணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் போனில் அரை மணி நேரம் பேசி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

கையில் கிடைத்ததையெல்லாம் வாங்கினால் ஆறே மாதத்தில் பீரோவும் நிரம்பும், பர்ஸும் காலியாகும். சின்ன வயதில் படித்த ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வயதில் மூத்தது இந்திரஜால் காமிக்ஸ். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964இல் தொடங்கி 1990 வரை பல மொழிகளில் நடத்தியது, தமிழிலும் வந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், முதல் இதழே இரும்புக்கை மாயாவி. 1984இல் அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ், மாடஸ்டி என்ற சாகசப் பெண்ணின் கதையோடு. அதே 1984இல் தினத்தந்தி வீட்டிலிருந்து ராணி காமிக்ஸ். மாதம் இருமுறை வந்து 2005 வரை ஓடியது.

புதியவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று இதில் உண்டு. "மாயாவி காமிக்ஸ் இருக்கா?" என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள். முத்துவின் இரும்புக்கை மாயாவி, மின்சாரம் பாய்ந்ததும் கை மட்டும் தெரிய உடம்பு மறைந்துபோகிற பிரிட்டிஷ் ஆசாமி. ராணி காமிக்ஸின் மாயாவியோ, காட்டில் மண்டையோட்டுக் குகையில் வாழும் முகமூடிக்காரர், ஆங்கிலத்தில் ஃபேன்டம். இருவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கடைக்காரர் ஒருவரைச் சொல்ல, நீங்கள் மற்றவரை நினைத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

படி 2: எங்கே தேடுவது

சென்னை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை. கோவை என்றால் உக்கடம் பழைய புத்தகக் கடைகள். ஆனால் என் அனுபவத்தில் நல்ல சரக்கு கிடைப்பது பெயர் போன கடைகளில் அல்ல, அங்கே விலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குப் போய், அண்ணாச்சியிடம் காமிக்ஸ் வந்தால் கிலோவுக்குப் போட்டுவிடாமல் எடுத்து வைக்கச் சொல்லி, நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மே மாதத்தில் வீடு மாற்றுகிறவர்களும் பொங்கலுக்கு முன்னால் பரணைச் சுத்தம் செய்கிறவர்களும் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். மூடப்போகிற வாடகை நூல் நிலையம் கண்ணில் பட்டால் ஒரு நாள் லீவு போட்டாவது போய்விடுங்கள்.

பழையதைத் துரத்துவதற்கு முன் இன்னொன்றும் செய்யுங்கள். லயனும் முத்துவும் இன்றும் வருகின்றன, சந்தா கட்டலாம். பழைய கதைகள் பல நல்ல தாளில் மறுபதிப்பாகவும் வந்திருக்கின்றன. கதை படிப்பதுதான் ஆசையென்றால் மறுபதிப்பே போதும், ஆயிரக்கணக்கில் கொட்டி உதிர்கிற பிரதியை வாங்க வேண்டியதில்லை.

படி 3: வாங்கும் முன் பிரதியைப் பாருங்கள்

அட்டை பளபளவென்று இருந்தால் மயங்காதீர்கள். உள்ளே திறந்து பக்கங்களை எண்ணுங்கள். நடுப்பக்கத் தாள்தான் முதலில் கழன்று காணாமல் போகும். கூப்பன் வெட்டியிருக்கிறதா, குறுக்கெழுத்தை யாராவது பேனாவில் நிரப்பியிருக்கிறார்களா, பைண்டு செய்தபோது ஓரத்தை வெட்டியதில் வசனக் கூண்டும் சேர்ந்து போயிருக்கிறதா என்று பாருங்கள். வாடகை நூல் நிலைய முத்திரை எனக்குக் குறையே இல்லை, அதுவும் ஒரு சரித்திரம்தான். சிலர் அதற்காக விலையைக் குறைத்துக் கேட்பார்கள், கேளுங்கள், தவறில்லை.

இது முதல் பதிப்பா மறுபதிப்பா? விற்பவர் எப்போதும் "ஒரிஜினல் சார்" என்றுதான் சொல்வார். நீங்களே பார்க்க வழி இருக்கிறது. விலைக்கு முன்னால் ₹ குறி இருந்தால் அது 2010க்குப் பிந்தியது, அந்தக் குறியே அப்போதுதான் வந்தது. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது. இணையதள முகவரி இருந்தால் சொல்லவே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்தது எழுத்தைப் பார்ப்பது: லை, ளை, னை, ணை ஆகியவற்றுக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய கொம்பு இருக்கிறதா என்று பாருங்கள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்ட பிறகுதான் அது மெல்ல மெல்ல மறைந்தது. அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளை உடனே தூக்கிப் போட்டுவிடவில்லை, அதனால் துதிக்கை இருந்தாலே 1978க்கு முந்தையது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் 1975 என்று சொல்லி விற்கிற பிரதியில் எல்லாமே இன்றைய எழுத்தாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வாட்ஸ்அப்பில் வாங்குவதென்றால், இன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டைப் பிரதிமேல் வைத்து முன் அட்டை, பின் அட்டை, நடுப்பக்கம் மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் ஒருமுறை அட்டைப் படத்தை மட்டும் பார்த்து 1,200 ரூபாய் அனுப்பினேன். வந்த கூரியரில் அட்டை மட்டும்தான் காமிக்ஸ், உள்ளே இருந்தது ஏதோ ஒரு ஜோதிட மாத இதழ். விற்றவர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அந்த வருடம் எனக்கு என்ன பலன் என்று மட்டும் படித்துக்கொண்டேன்.

படி 4: நேராக அலமாரியில் வைக்காதீர்கள்

ஃப்ரீசர் கதை இதுதான். பழைய பிரதியோடு ராமபாணப் பூச்சியும் அதன் முட்டையும் இலவசமாக வரும். ஒரே ஒரு பிரதியில் வந்தது மொத்த அலமாரியையும் தின்று தீர்த்துவிடும். வந்த பிரதியை மென்மையான பிரஷ்ஷால் பால்கனியில் வைத்துத் தூசு தட்டுங்கள். ஈரம் துளியும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். முக்கியமானது அதற்குப் பிறகுதான்: வெளியே எடுத்ததும் ஆவலில் கவரைத் திறந்துவிடாதீர்கள், ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கட்டும். குளிர்ந்த தாள்மேல் வெளிக்காற்று பட்டால் சோடா பாட்டில் மாதிரி வியர்க்கும், மை கலங்கும், அப்புறம் பூஞ்சணம் வரும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் இந்தப் படியில் சேர்ந்ததுதான்.

வெயிலில் காய வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். காமிக்ஸ் அச்சடித்த மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது, அதிலிருக்கும் லிக்னின் வெளிச்சமும் சூடும் பட்டால் பழுப்பேறி அப்பளம் மாதிரி நொறுங்கும்.

படி 5: கவர் போடுவது

ஜவுளிக் கடையில் சட்டை போட்டுத் தருவார்களே, அந்த பிபி (பாலிப்ரோப்பிலீன்) கவர் போதும். பிளாஸ்டிக் மொத்தக் கடையில் நூறு நூறாகக் கிடைக்கும். நெடி அடிக்கிற, கையில் ஒட்டுகிற பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் அட்டை மையை இழுத்துக்கொள்ளும். கவருக்குள் பின்பக்கம் தாங்கலாக அமிலமில்லாத அட்டை ஒன்று வைத்தால் மூலை மடங்காது. படச்சட்டம் போடுகிற கடையில் கேட்டுப் பாருங்கள். சாதா சாம்பல் நிற அட்டை வைத்தால் அதிலிருக்கும் அமிலம் புத்தகத்துக்கு ஏறும்.

மழை படுகிற வெளிச்சுவரை ஒட்டி பீரோவை வைக்காதீர்கள். அந்துருண்டையைவிட எனக்கு நம்பிக்கை துணியில் முடிந்த வசம்பிலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைப்பதிலும்தான். இரண்டாவதுதான் உண்மையில் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன், வசம்பு பாட்டியின் ஞாபகத்துக்கு.

படி 6: கிழிசல், துரு

செலோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். டேப்பின் பசை சில வருடங்களில் தேன் நிறமாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. சின்னக் கிழிசலை அப்படியே விட்டுவிடுங்கள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் மட்டும் கை வைக்கலாம்: நடுப்பக்கத்தைத் திறந்து, மழுங்கிய கத்தி முனையால் பின்னின் இரு காலையும் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக மெதுவாக எடுத்துவிட்டு, அதே துளைகள் வழியே வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போடுங்கள். முதலில் பழைய வார இதழ் ஒன்றில் பழகிக்கொண்டு பிறகு இதில் செய்யுங்கள்.

படி 7: நோட்டு

இதழ் எண், தலைப்பு, மாதம், வருடம், வாங்கிய விலை, நிலைமை, எந்தப் பெட்டி. நோட்டிலோ எக்ஸலிலோ எழுதி, அதன் படம் ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் நின்று "இது நம்மகிட்ட இருக்கா, இல்லையா?" என்று யோசிக்கும்போது மூளை எப்போதும் இல்லை என்றுதான் சொல்லும். என்னிடம் ஒரே இதழ் மூன்று பிரதி இருக்கிறது. இரண்டு, நோட்டு போடாத காலத்தில் வாங்கியவை. மூன்றாவது, போனில் சார்ஜ் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை.