குயின்ஸ் காம்பிட்டில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

சதுரங்கத்தில் காயைக் கவனிக்காமல் கொடுப்பது, கோட்டை கட்ட மறப்பது எல்லாம் தோற்கத் தோற்கத் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விடுங்கள். குயின்ஸ் காம்பிட் திறப்பில், அதாவது டி4 டி5, சி4 ஈ6 என்று போகும் ஆட்டத்தில், புதியவர்கள் செய்வதைப் பார்த்தால் என் பழைய ஸ்கோர் ஷீட்டைப் படிப்பது போலவே இருக்கிறது.

சி7 சிப்பாய்க்கு முன்னால் குதிரை

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். குதிரையை சி6-க்குக் கொண்டுவருவது பார்க்க நல்ல நகர்த்தல். ஆனால் இங்கே கறுப்பு மூச்சு விட சி5, ஈ5 என்று இரண்டே வழிதான். குதிரை சி6-இல் உட்கார்ந்தால் முதல் வழி அடைபடும். ஈ5-ஐ வெள்ளையின் டி4 சிப்பாயும் எஃப்3 குதிரையும் காவல் காக்கின்றன. சி8 பிஷப் ஏற்கெனவே ஈ6-க்குப் பின்னால் முடங்கிக் கிடக்கிறது.

அண்மையில் ஒரு போட்டியில் பார்த்தேன். வெள்ளை டி5-இல் வெட்டினார், கறுப்பு ஈ சிப்பாயால் திருப்பி வெட்டினார். பிஷப்புக்கு வழி கிடைத்தது உண்மைதான். ஆனால் வெள்ளை யானை சி1-க்கு வந்ததும் சி7 சிப்பாய் குறியாகிவிட்டது. குதிரை இருந்தால் அது நகராது, போனால் அடி விழும். ஆட்டம் முடிந்து கறுப்பு ஆடியவர் கேட்டார்: “நான் எந்தக் காயையும் விடவே இல்லையே, எங்கே தப்பு?” அதுதான் இதன் தொல்லை. தண்டனை உடனே வராது, கம்ப்யூட்டரும் பெரிதாகக் கத்தாது.

குதிரையை டி7-இல் வையுங்கள், சி5 கைவசம் இருக்கும். 1927-இல் பியூனஸ் அயர்ஸில் உலகப் பட்டத்துக்காக கபபிளாங்காவும் அலெகினும் மோதிய 34 ஆட்டங்களில் 32 இந்தத் திறப்புதான். கறுப்புக் குதிரை பெரும்பாலும் டி7-க்குத்தான் போனது. சி6-தான் வேண்டும் என்றால் முதலில் சி5 ஆடிவிடுங்கள். சி4-க்குப் பதிலாக உடனே குதிரையை எடுக்கும் சிகோரின் தடுப்பில் அது சி6-க்கு வருகிறதே என்பார்கள். சரி, ஆனால் அதில் பிஷப்பை ஈ6 போட்டு அடைப்பதில்லை, அது வெளியே வந்துவிடும்.

டி5-இல் ‘இலவச’ சிப்பாய்

இது வெள்ளைக்கு. பிஷப் ஜி5-இல் இருக்க, கறுப்புக் குதிரை டி7-இல் நிற்கும்போது, ‘எஃப்6 குதிரை கட்டுண்டிருக்கிறது, நகர்ந்தால் ராணி போகும்’ என்று நம்பி டி5-ஐக் குதிரையால் வெட்டாதீர்கள். எஃப்6 குதிரை திருப்பி வெட்டும். நீங்கள் ராணியை எடுப்பீர்கள், பி4-இல் பிஷப் செக் வைக்கும், உங்கள் ராணியைக் குறுக்கே போட்டே ஆகவேண்டும். கணக்கு முடியும்போது ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை போயிருக்கும்.

கறுப்பு சி4-ஐ வெட்டிவிட்டு பி5 போட்டுக் காப்பது

வெள்ளை ஈ3, ஏ4 ஆடுவார். கறுப்பு சி6 போட்டுக் காத்தால் பி5-இல் சிப்பாய்களை மாற்றிக்கொண்டு, அப்புறம் ராணி எஃப்3. ஏ8 யானைக்கு ஆபத்து.

அவசர ஈ3

இதுவும் வெள்ளைக்கு. ஈ3 போட்டால் சி1 பிஷப் அடைபடும், முதலில் அதை ஜி5-க்கோ எஃப்4-க்கோ வெளியே எடுங்கள்.